மத்தியானத் தூக்கத்தை மீட்ட கதை

மதிப்பிற்குரிய அத்தானுக்கு, உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அங்கே அக்காவும் உங்கள் முட்டிவலியும் எப்படி?

"தூங்குறதுக்காக வேலைநிறுத்தமா, ஊரே சிரிக்கும்" என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். சிரிக்கட்டும் அத்தான், நாங்கள் ஜெயித்துவிட்டோம். எங்கள் செருப்புத் தொழிற்சாலையில் சாப்பாட்டுக்குப் பிறகு எந்திரங்களை நிறுத்திவிட்டு, தோல் கட்டுகளின்மேல் சற்று நேரம் கண்ணயர்வது பழைய முதலாளி வைத்த வழக்கம். புதிதாக வந்த மேலாளர் அதை ஒரே நாளில் ரத்து செய்தார். விளைவு, தையல்காரர் ஒருவர் தூங்கி வழிந்தபடியே தன் சட்டைக் கையையும் செருப்போடு சேர்த்துத் தைத்துவிட்டார், நான் அன்று முழுக்க இடதுகாலாகவே வெட்டித் தள்ளினேன், அதற்கு என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக மேலாளர் குதித்தார், அத்தனை பேரும் எழுந்து வெளியே வந்துவிட்டோம்.

காலையில் வாசலில் எங்கள் கோஷம் காதைப் பிளக்கும். மத்தியானமானால் பாதிக் கோஷத்திலேயே சங்கத் தலைவர் சாய்ந்துவிடுவார். கட்டுப்பாடு முக்கியம் என்பதால் நாங்களும் சாய்வோம். எல்லாரையும் வேலையை விட்டு நீக்கப்போவதாக மேலாளர் ஆள் அனுப்பியபோது நான் வீட்டுக்கு ஓடி அரிசிப் பானையை எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரி மட்டும் அசரவில்லை. "வேலை போச்சுன்னா நாள் பூரா தூங்கலாம், போங்க" என்றாள்.

போன வாரம் மேலாளரே பேச்சுவார்த்தைக்கு வந்தார், சாப்பிட்ட கையோடு. மர நிழல், நல்ல காற்று, சுற்றிலும் கொட்டாவி. தலைவர் கோரிக்கையைச் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொள்கிறார் என்று நாங்கள் பூரித்துப்போனோம். ஆடிய தலை மெல்ல என் தோளில் சாய்ந்தது. அவர் விட்ட குறட்டை எங்களுக்கு வெற்றி முரசாகவே கேட்டது. வெயில் இறங்கியபின் விழித்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்படித் தூங்கி எத்தனை வருஷமாச்சுய்யா."

அங்கேயே கையெழுத்துப் போட்டார். வழக்கமும் பிழைத்தது, எங்கள் வேலையும் பிழைத்தது. நான் அழுதே விட்டேன், அத்தான்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டு, அதைவிட நன்றாகத் தூங்கட்டும்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற மைத்துனன்

பின்குறிப்பு: மேலாளரும் இப்போது தினமும் எங்களோடுதான் படுக்கிறார், அதுவும் என் பக்கத்தில். அந்தக் குறட்டையில் ஒருவருக்கும் கண் மூடவில்லை. நாளை முதல் மறுபடியும் வேலைநிறுத்தம். கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: மத்தியானத்தில் மேலாளர் தூங்காமல் வேலை பார்க்க வேண்டும்.