மைத்துனர் அனுப்பிய அம்புமுனைகள் குறித்து ஒரு தன்னிலை விளக்கம்

பிட்டர்ரூட் பள்ளத்தாக்கு, மான்டானா
செப்டம்பர் 24

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மைத்துனர் மெர்வின் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கை ஆர்டிஸும், என் வலது தோளைத் தவிர மற்றபடி, நலம். ஒஹையோவில் நீங்களும் லூவெல்லா அம்மையாரும் உங்கள் இரு முழங்கால்களும் நலமாக இருக்க வேண்டுகிறோம்.

போன வருடம் என் பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய அம்புமுனைப் பெட்டிக்கு நான் எழுதிய நன்றிக் கடிதத்தில் ‘அபாரம்’ என்ற சொல் நான்கு இடத்தில் வந்தது. அவற்றில் மூன்றையாவது திரும்பப் பெற வேண்டிய நிலைமையில் இதை எழுதுகிறேன். பாதியில் கிழித்துப் போடாமல் படியுங்கள். பறக்கும்போது மடங்கிக் கிடந்து, பட்டதும் குடைபோல் விரியும் அந்த அலகுகளைப் பார்த்து நான் மயங்கியது உண்மை. ஆனால் அவற்றில் ஒன்று பறக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. இருக்கை மடிப்பில் செருகி வைத்திருந்த அது, வண்டி குண்டும் குழியுமான மலைப்பாதையில் குலுங்கியபோதே விரிந்துவிட்டது. இருக்கை கிழிந்தது, இருக்கைக்கும் எனக்கும் நடுவில் இருந்த கால்சட்டை கிழிந்தது, அதற்கு அடுத்து இருந்ததும் கிழிந்தது. ஏழு தையல். குப்புறப் படுத்திருந்த என்னிடம் நர்ஸ் அனுதாபத்தோடு, “கரடியா?” என்று கேட்டாள். “மைத்துனர்” என்றேன்.

அதை விடுங்கள், அது சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. போன பருவத்தில் ஒரு எல்க் மான்கூடக் கண்ணில் படவில்லை என்று உங்களுக்கு எழுதினேனே, அது பொய். பட்டது. பெரிய கொம்பன், இருபத்தைந்து கெஜத்தில், நேராக என்னைப் பார்த்து நின்றது. அந்த நிலையில் எய்யக்கூடாது என்று தெரிந்தும், கை பரபரத்து எய்தேன். அம்பு தோள்பட்டை எலும்பில் பட்டது. குடை விரிந்தது, உள்ளே போகவில்லை. மிருகம் அம்போடு ஓடியது. இரண்டு நாள் மலையெல்லாம் தேடினேன். சொட்டுச் சொட்டாக இருந்த ரத்தம் ஒரு ஓடைக்கரையில் நின்றுபோனது. வாய்க்கால் மேற்பார்வையாளனாக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். ஒருவன் பங்குத் தண்ணீரை ஒருநாளும் வீணாக விட்டதில்லை. ஒரு உயிரை அப்படி வீணாக விட்டுவிட்டு வந்து ஆர்டிஸிடம், “ஒண்ணும் வரல” என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், சூப்பை ஊற்றினாள்.

இந்த வருடம் ஆகஸ்டில் வில்லைக் கையில் எடுக்காமல் நான் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவளே ஆரம்பித்தாள். உங்கள் தங்கை வேட்டை இறைச்சி வெட்டும் கூடத்தில் இருபத்தாறு வருடமாகக் கத்தி பிடிப்பவள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அவள் அங்கே ஒரு காபி டப்பா வைத்திருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். அதைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் கவிழ்த்தாள். எல்க்குகளின் உடம்பிலிருந்து அவள் பிடுங்கி எடுத்த அம்புமுனைகள்! வளைந்தவை, முறிந்தவை, கால்வாசி மட்டும் மிஞ்சியவை. மெர்வின், பல் மருத்துவர் பல்லைப் பார்த்து வயது சொல்வதுபோல் அவள் ஒவ்வொன்றாக எடுத்து அதன் கதையைச் சொன்னாள்.

“இது முழங்கை எலும்புல மாட்டுனது. அலகு ஊசி மாதிரி மெல்லிசு, பாரு. இது விலால பட்டு மடங்கிக்கிச்சு. இந்த மூணு இருக்கே, எங்க அண்ணன் உனக்கு அனுப்புன அதே வகை.”

“அவரு அதை வச்சு வருஷா வருஷம் மான் அடிக்கிறாரே, ஆர்டிஸ்?”

“ஒஹையோ மான் எங்க அண்ணன் கனம்தான் இருக்கும். எல்க் அந்த மாதிரி நாலு மான் கனம். அதோட அவர் வில்லை இழுக்க எழுபது பவுண்டு பலம் வேணும். உன் தோளை அறுத்துத் தைச்சப்புறம் நீ இழுக்கிறது ஐம்பத்திரண்டு. குடையை விரிக்கவே உன் பலம் பாதி செலவாயிடும். அப்புறம் உள்ள போறதுக்கு என்ன மிச்சம் இருக்கும்?”

கடைசியாக ஒரு முனையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அதைச் சுற்றி எலும்பு வளர்ந்து மூடியிருந்தது.

“இது வேற யாரோ என்னைக்கோ விட்ட அம்பு. இதை உடம்புல வச்சுக்கிட்டு அந்த எல்க் மூணு வருஷம் கொழுகொழுன்னு வாழ்ந்திருக்கு. உன்னோடதும் எங்கயாவது மேய்ஞ்சுக்கிட்டு இருக்கும், ஹார்லன். போ, வில்லை எடு.”

ஒரு வருடமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது! உடனே வெளியே போய்க் கோழிக்கூட்டைச் சரிசெய்வதுபோல் அரைமணி நேரம் நின்றேன்.

அவள் தேர்ந்தெடுத்தது ஒரே இரும்பில் வார்த்த, இரண்டே அலகுள்ள, விரியாத, மடங்காத, கனத்த முனை. பார்க்க ஒரு அழகும் கிடையாது. ஆனால் அதை மாட்டியதும் என் அம்புகள் எல்லாம் குடித்தவன்போல் பறக்க ஆரம்பித்தன. அம்பு நேராகப் பறக்கிறதா என்று அறிய, சட்டத்தில் காகிதம் கட்டி அதன் வழியாக எய்து, விழுவது வட்டத் துளையா கிழிசலா என்று பார்க்க வேண்டும் என்றாள். கையில் கிடைத்த பத்திரிகைத் தாளைக் கட்டினேன். அதில் எங்கள் லூத்தரன் பாதிரியாரின் படம் இருந்ததை நான் கவனிக்கவில்லை. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “மூக்குல நுழைஞ்சு நெத்தி வரைக்கும் கிழிச்சிருக்கு. நாண்ல அம்பு மாட்டுற இடத்தைக் கொஞ்சம் கீழ இறக்கு.” இறக்கினேன். நான்காவது தாளில் பாதிரியாருக்கு மூக்கில் வட்டமாக ஒரு துளை மட்டுமே இருந்தது. அன்று மாலையே அவர் ஹக்கிள்பெரிப் பழப் பணியாரம் கொண்டுவந்து, சட்டத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். அடுத்த ஞாயிறு பிரசங்கம் மன்னிப்பைப் பற்றி. அதோடு முனையின் கூர்மையைச் சோதிக்கக் கைமுடியைச் சிரைத்துப் பார்க்க வேண்டுமல்லவா? ஆர்டிஸ் திருப்தியடையும் முன் என் இரண்டு கைகளும் வழுக்கையாகி, இடது காலில் முழங்கால்வரை போய்விட்டோம்.

போன வியாழன் விடியற்காலை, பனி படர்ந்த சரிவில் நான் முன்னால், பெண் எல்க் குரலில் ஊதும் ஊதலோடு அவள் முப்பது கெஜம் பின்னால். கொம்பன் பதில் குரல் கொடுத்துக்கொண்டே வந்தது. வந்து, அதே இருபத்தைந்து கெஜத்தில், அதேபோல் நேராக என்னைப் பார்த்து நின்றது. வில்லை இழுத்துப் பிடித்தேன். எலும்பையே பிளக்கும் முனை இப்போது கையில் இருக்கிறதே என்று சைத்தான் காதில் சொன்னான். மெர்வின், நான் எய்யவில்லை. மரத்தின் மறைவில் மெல்ல நாணைத் தளர்த்தினேன். போச்சு என்றுதான் நினைத்தேன். அப்போது பின்னாலிருந்து உங்கள் தங்கை, சத்தமே இல்லாமல் இடப்பக்கம் நகர்ந்துபோய், அங்கிருந்து மிருதுவாக ஒரு முறை ஊதினாள். கொம்பன் திரும்பி அந்தப் பக்கம் நடந்தது. அதன் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் போன நொடியில் மறுபடி இழுத்தேன். விலாப்பக்கம் முழுசாகத் தெரிந்தது. எய்தேன். அம்பு உள்ளே போய், மறுபக்கம் வெளியே வந்து, மண்ணில் குத்தி நின்றது.

நான் ஓடப்போனேன். இடுப்புவாரைப் பிடித்து இழுத்தாள்.

“உட்காரு. காபி குடி. அது படுத்தப்புறம் போலாம்.”

அரைமணி நேரம். என் வாழ்க்கையிலேயே நீளமான காபி. எழுபதாவது தப்படியில் கிடந்தது. அதுவரை மேய்ச்சலுக்குப் போனதுபோல் நிதானமான தடம். நான் அதன் கழுத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவள் கத்தியை எடுத்துத் திறந்து பார்த்து, “ரெண்டு நுரையீரலும். சுத்தமான வேலை” என்றாள். நாற்பத்தொரு வருடத் திருமண வாழ்வில் அவளிடமிருந்து நான் வாங்கிய முதல் நற்சான்றிதழ் இது.

ஆகவே இனி யார் கேட்டாலும் விரியாத இரட்டை அலகு முனைதான் என்று சொல்லுங்கள். உங்கள் பெட்டியில் மிச்சமிருப்பதைத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். மனத்தாங்கல் வேண்டாம். உங்களுக்கு இந்தப் பருவத்தில் உங்கள் வாடை மானுக்குப் போகாமல் காற்று எதிரே வீசட்டும், முழங்கால்கள் மரத்துப் பரணில் ஏற ஒத்துழைக்கட்டும், லூவெல்லா அம்மையாரின் உறைபெட்டி இறைச்சியால் நிறையட்டும்.

என்றும் பணிவுடன்,
உங்கள் தங்கை கணவன்
ஹார்லன் ஸ்கோக்ஸ்டட்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஆர்டிஸ் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். அம்பு இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவில் போய், மறுபக்கமும் அப்படியே இரண்டு எலும்புக்கு நடுவில் வெளியே வந்ததாம், ஒரு எலும்பையும் தொடவே இல்லையாம். “அந்த இடத்துல எங்க அண்ணன் முனையே தாராளம். உருளைக்கிழங்கு சீவுற கத்தியைக் கட்டி விட்டிருந்தாலும் விழுந்திருக்கும்” என்கிறாள். எனவே முனைகளைப் பற்றி மேலே எழுதியது அனைத்தையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். அப்படியென்றால் இத்தனை பாடுபட்டு இதை ஏன் வாங்கச் சொன்னாய் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: “நீ எங்க அடிப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?”