தட்டு மாற்ற வந்த விமானம்

பத்து நிமிஷம் சும்மா உட்காரச் சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். இது வியாதியா, கொழுப்பா என்று என் மனைவி மலர் முப்பது வருஷமாக ஆராய்ச்சி செய்கிறாள். (இப்போதைக்குக் கொழுப்பு.)

கல்யாணத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் சின்னச் சின்ன விமானங்கள் செய்வேன். குடும்பம், வேலை என்று எல்லாம் நின்றுபோனது. நான்கு வருஷத்துக்கு முன்னால் திடீரென்று ஆசை வந்து ஒரு போர் விமானப் பெட்டியை வரவழைத்தேன். அது வந்த அதே வாரம்தான் எங்கள் மகள் திவ்யாவுக்கு நிச்சயம். திருமழிசைப் பையன். அவளே பார்த்து ஆசைப்பட்டவன். ஆனால் அவன் அப்பா அரை மனசாகத்தான் இருந்தார். "பொண்ணு வூட்ல ரொம்ப கெத்து காட்டுவாங்களாமே?" என்று விசாரித்தாராம்.

பட்டாபிராமில் எங்கள் வீட்டுக்கு ஞாயிறு பத்து மணிக்கு வர வேண்டியவர்கள், பதினொன்றாகியும் வரவில்லை. நான் பட்டு வேட்டியில் வாசலுக்கும் ஹாலுக்குமாக அலைந்தேன். ஃபேனைக் கூட்டினேன், குறைத்தேன்.

"ஒரு எடத்துல குந்துய்யா! பாக்கற எனக்கே தல சுத்துது" என்றாள் மலர்.

குந்தினேன். பின்னறையில், விமானத்துக்கு எதிரில். ஒரே ஒரு இறக்கை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்துப் பசை காய அரை மணி நேரமாகும். அதுவரை விரலால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இப்போது நான் வாங்கியதோ ஐந்து விநாடியில் பிடிக்கிற பசை. (மேலே எழுதித்தான் இருந்தது. கண்ணாடி போட்டுப் படிக்க யாருக்குப் பொறுமை?) பசை விரலெல்லாம் வழிய, பழைய ஞாபகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். வாசலில் கார் சத்தம் கேட்டு எழுந்தேன். விமானமும் கூடவே எழுந்தது.

தேங்காய் எண்ணெய்க்கும் அசையவில்லை, வெந்நீருக்கும் அசையவில்லை. "கண்ண மூடிக்க மாமா, ஒரே இழுதான்" என்று மலரின் தம்பி இழுத்ததில் உயிர் போய் உயிர் வந்தது.

வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போய் நின்றேன். மாப்பிள்ளையின் அப்பா கும்பிட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"பன்னெண்டுக்கு எமகண்டம் வந்துரும், தட்ட மாத்திடலாம்" என்று தாம்பூலத் தட்டை நீட்டினார். நான் இடது கையை நீட்டினேன்.

"இன்னாங்க இது, பீச்சாங்கைல வாங்கறீங்க? இஷ்டம் இல்லன்னா சொல்லிடுங்க, நாங்க கெளம்பறோம்."

திவ்யாவின் கண் கலங்கிவிட்டது. மானம் போனால் போகட்டும் என்று வலது கையை முன்னால் கொண்டுவந்தேன். வெற்றிலை பாக்குக்கு மேலே ஒற்றை இறக்கை விமானம் வந்து நின்றது.

"ஒட்டிக்கிச்சுங்க" என்றேன்.

மலர் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவர் விமானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திடீரென்று தட்டு குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"அடப்பாவி! பெரிய எடம், எப்டி பேசறது, எப்டி பழகறதுன்னு மூணு நாளா தூக்கமே இல்ல எனக்கு. நீ இன்னான்னா இப்டி கீற!" (அந்த நிமிஷத்திலிருந்து நான் அவருக்கு 'நீ' ஆகிவிட்டேன்.)

பதினொன்று ஐம்பத்தைந்துக்கு, இரண்டு கையாலும், விமானத்தோடு தட்டு வாங்கினேன். பிறகு திவ்யா பட்டுப் புடவையோடு தரையில் உட்கார்ந்து, நகப்பூச்சு அழிக்கிற திரவத்தால் சிரித்துக்கொண்டே என் விரலை விடுவித்தாள்.

போன மாதம் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் சம்பந்தி குழந்தையை ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தார். நான் ஆசையாகக் கிட்டே போனேன். அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"இரு, இரு. மொதல்ல ரெண்டு கையும் விரிச்சிக் காட்டு."

நர்ஸ் முன்னால் விரித்துக் காட்டினேன். திருப்பிக் காட்டச் சொன்னார். அதையும் காட்டினேன். அப்புறம்தான் கொடுத்தார்.