லீவு கேட்ட கல்லீரல்

சம்பளம் கொடுக்கும் கம்பெனிகள் உலகத்தில் ஆயிரம் உண்டு. ஊழியர்களின் கல்லீரலுக்காகக் கண்ணீர் விடும் கம்பெனி, சீனாவின் செங்டு நகரத்தில் இருக்கும் இந்த ரைஸ் குக்கர் கம்பெனி ஒன்றுதான். இங்கே யாருக்கும் கோபம் வருவதே கிடையாது. 'கல்லீரலில் உயிர்ச்சக்தி தேங்கிவிடுகிறது', அவ்வளவுதான். அதை ஓடவிடுவதற்காகவே மேனேஜர் தாவ் ஒரு 'மன அமைதி அறை' திறந்து, சாமந்திப் பூ டீயும் வைத்தியர் குவாங்கும் எந்நேரமும் சூடாகக் கிடைக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்.

வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில் வேலை பார்க்கும் யென்லிங்குக்கு வரும் சனிக்கிழமை கல்யாணம். நாள் பார்த்தாகிவிட்டது, விருந்துக்கு ஹோட்டலில் சொல்லியாகிவிட்டது. அவளுக்கு லீவுதான் கிடைக்கவில்லை.

"சார், பொண்ணு இல்லாம கல்யாணம் எப்படி நடக்கும்?" என்று லேசாகக் குரலை உயர்த்தினாள்.

"ஐயோ, கல்லீரல்!" என்று பதறிய தாவ், அவளை வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

வைத்தியர் அவள் மணிக்கட்டைச் சின்னத் தலையணையில் வைத்து நாடி பிடித்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினாள். அதில் கொஞ்சம் சொந்த விருப்பமும் இருந்தது.

"கோபம்தான். கோபத்தை அடக்குறது துக்கம். பொண்ணை அழ வைக்கணும்."

அந்தச் சிரமத்தைத் தாவ் தானே ஏற்றுக்கொண்டார். "லீவு கிடையாது" என்றார். கைராசியான மனிதர்; யென்லிங் அப்போதே அழுதுவிட்டாள்.

"போதும், போதும். துக்கம் நுரையீரலுக்கு ஆகாது. சந்தோஷம் கொடுங்க" என்றார் வைத்தியர்.

"சரிம்மா, லீவைப் பரிசீலிக்கிறேன்."

யென்லிங் துள்ளிக் குதித்து மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். "ஹாவ்! கிடைச்சிடும்போல இருக்குடா!"

வைத்தியர் முகம் மாறியது. "இவ்வளவு சந்தோஷம் இதயத்துக்குக் கெடுதல். அதைப் பயம்தான் அடக்கும்."

"சனிக்கிழமை வரலேன்னா, திங்கக்கிழமை உனக்கு வேலை இருக்காது" என்றார் தாவ், மிகுந்த அக்கறையோடு.

யென்லிங் பயந்துபோய்ப் போனை வைத்தாள். பயத்துக்கு மருந்து யோசனையாம். சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து யோசிக்கச் சொன்னார்கள். யோசித்தாள். ஜோடியாகப் போக வேண்டிய விருந்தில் ஹாவ் தன்னந்தனியாக மேஜை மேஜையாகப் போய் விருந்தினருக்கு மதுக்கிண்ணத்தை உயர்த்துவதையும், மாமியார் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் விழிப்பதையும் யோசித்தாள். பாவமாக இருந்தது. யோசிக்க யோசிக்க முகம் சுண்டிப்போனது.

"மண்ணீரல் வாடுது. யோசனையை முறிக்கிறது கோபம் ஒண்ணுதான்" என்றார் வைத்தியர்.

"அப்ப நான் கோபப்படலாமா ஐயா?"

"படணும்மா. மருந்தாச்சே!"

யென்லிங் மருந்தைச் சிந்தாமல் சாப்பிட்டாள்.

"மேனேஜர் சார்! குக்கர்ல சோறு வேகலேன்னு ஊரே திட்டுது. அது புகார்; அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணும். நான் கல்யாணத்துக்கு லீவு கேட்டா அது வியாதியா? அதுக்கும் நானே நாக்கை நீட்டணுமா? சனிக்கிழமை எனக்குக் கல்யாணம். வரமாட்டேன்! வேலையை விட்டுத் தூக்குவீங்களா? தூக்குங்க, பார்க்கலாம்!"

வெளியே புகார்ப் பிரிவு முழுக்கக் கை தட்டியது. "ஐயா, எங்களுக்கும் அதே மருந்து!" என்று ஒவ்வொருவராக நாக்கை நீட்டியபடி வாசலில் வந்து நின்றார்கள். யென்லிங் பையை மாட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த சிவப்பு உடையை வாங்கக் கடைக்குப் போக வேண்டும்.

வெலவெலத்துப்போய் நாற்காலியில் சரிந்த தாவின் கையை வைத்தியர் பழக்கதோஷத்தில் பிடித்தார்.

"பயம். சிறுநீரகம் பலவீனமா இருக்கு. சிறுநீரகத்துக்கு வாசல் காது. காது மந்தமா சார்?"

"மந்தமா? ஊசி விழுந்தாக் கேக்கும்!"

"இந்தப் பொண்ணு கல்யாணம்னு சொன்னது?"

"முதல் நாளே காதுல விழுந்துச்சே!"

வைத்தியர் அவர் கையை விட்டுவிட்டுத் தலையணையைப் பெட்டிக்குள் வைத்தார்.

"அப்ப மன்னிக்கணும் சார். காதுல விழுந்தும் விழாத மாதிரி இருக்கிறதுக்கு எங்க வைத்தியத்துல மருந்து இல்லை."