இருபது பர்சன்ட் மழையும் இலவம்பஞ்சு மெத்தையும்

கணக்கு டீச்சர் என்று தெரிந்துவிட்டால் யாரும் நம்மிடம் கணக்கு கேட்பதில்லை. கணக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்பார்கள். கொடுமை என்னவென்றால், நாமும் பதில் சொல்லிவிடுவோம். போர்ட் பிளேருக்கு மருமகளாக வந்த புதிதில் நான் வானிலைக்குப் பதில் சொன்னேன்.

என் மாமியார் வீட்டார் அப்போது ஷாதிபூரில் வாடகைக்கு இருந்தார்கள். டாலிகஞ்சில் சொந்த வீடு கட்டி, பால் காய்ச்சியாகிவிட்டது. பீரோ, கட்டில் எல்லாம் போய்ச் சேர்ந்து, கடைசி நடைக்கு மெத்தைகள் மட்டும் பாக்கி. அத்தைக்கு (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன், மாமனாரை மாமா) அந்த இலவம்பஞ்சு மெத்தைகள் என்றால் உயிர். மெயின்லேண்டில் சொல்லிச் செய்து, ஒரு சொட்டுக் கடல் தண்ணீர் படாமல் கப்பலில் கூடவே காவல் இருந்து கொண்டுவந்தவை.

கிளம்பும்போது செல்போனைப் பார்த்தேன். மழைக்கு இருபது சதவீத வாய்ப்பு என்று இருந்தது. வீட்டில் ஆளுக்கொரு விளக்கம். அஞ்சில் ஒரு பங்கு இடத்தில் மட்டும்தான் பெய்யும், அது கேம்பல் பே பக்கமாக இருக்கும் என்று மாமா மழையைத் தெற்கே தள்ளிவிட்டார். முப்பத்தைந்து எடுத்தால்தானே பாஸ், இருபது எடுத்த மழை ஃபெயில் என்றார் என் கணவர் (அவருடைய பள்ளிக்கூட மார்க்கும் அந்த வட்டாரம்தான் என்பது பிறகு தெரிந்தது). மெத்தையில் இருபது பங்கு நனைந்துவிடுமோ என்று அத்தை பயந்தார். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பிக்கப் டிரைவர், பக்கத்துத் தெருவில்தான் வீடு, தார்ப்பாய் எடுத்து வரட்டுமா என்று ஹிந்தியில் கேட்டார். எனக்கு அப்போது தெரிந்த கொஞ்சநஞ்ச ஹிந்தியில் 'ஜரூரத் நஹி' இருந்தது. தேவையில்லை என்று கையை வேறு ஆட்டினேன்.

"கவலைப்படாதீங்க அத்தை. எண்பது பர்சன்ட் நம்ம பக்கம்."

புது மருமகளின் படிப்பை நம்பி அத்தை முன் சீட்டில் ஏறினார். நான் அவர் பக்கத்தில், ஏதோ ராக்கெட் விடப்போகும் விஞ்ஞானி மாதிரி உட்கார்ந்தேன்.

பாதி வழியில் வானம் கறுத்தது. அடுத்த வளைவில் கொட்டியது. இருபது சதவீதம் என்றால் மழையும் அந்த அளவுக்குத்தான் இருக்கும் என்று மனசின் ஒரு மூலையில் நானும் நம்பியிருந்தேன் போல. வந்தது முழு மழை. ஒரு ஒர்க்‌ஷாப் கூரைக்கடியில் வண்டி ஒதுங்குவதற்குள் மெத்தைகள் தண்ணீர் குடித்து முடித்திருந்தன.

நனைந்த இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கியிருக்கிறீர்களா? அடம்பிடிக்கிற எருமையை மாடிப்படி ஏற்றுவது அதைவிடச் சுலபம். பின்னாலேயே ஸ்கூட்டரில் நனைந்து வந்த என் கணவர் ஒரு முனையைப் பிடித்தார், பிடித்த மெத்தையோடு சேர்ந்து புது வீட்டு வாசலில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் இறக்கி முடித்ததும் பளீரென்று வெயில் அடித்தது (எங்கள் தீவு மழைக்கு அந்தக் குசும்பு உண்டு).

சாயங்காலம் புது வீட்டுத் தரையில் பாய் விரித்து டீ குடித்தோம். யாரும் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நானே ஆரம்பித்தேன். இருபது என்றால் வராது என்று அர்த்தமில்லை, இன்றைக்கு மாதிரி பத்து நாள் இருந்தால் அதில் இரண்டு நாள் மழை வரும், அந்த இரண்டில் ஒன்றில் நாம் மாட்டிக்கொண்டோம், சொன்னவர்கள் மேல் தப்பில்லை என்று விளக்கினேன்.

அத்தை டம்ளரைக் கீழே வைத்தார். "மத்த எட்டு நாள்ல ஒண்ணு பார்த்து மாத்தியிருக்கலாமேம்மா?"

"எந்த எட்டுன்னு முன்னாடியே தெரியாது அத்தை."

"தெரியாதுன்னா தார்ப்பாய் போட்டிருக்கலாமே?"

முதலில் மாமா சிரித்தார், பிறகு என் கணவர், வேறு வழியில்லாமல் நானும். அந்த வீட்டு மனுஷியாக நான் ஆனது அன்றைக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

நாள் கணக்கில் வெயிலில் போட்டும் ஒரு மெத்தை மட்டும் தேறவில்லை. நடுவில் பஞ்சு கட்டிதட்டி ஒரு மேடு நின்றுவிட்டது. தூக்கிப்போட அத்தை விடவில்லை. விருந்தாளிகளுக்கு ஆனது. அதற்குப் பெயரும் வந்துவிட்டது.

போன லீவுக்கு மெயின்லேண்டிலிருந்து என் தம்பி வந்தான். மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணசரப் போனவனுக்காக அத்தை உள்ளே குரல் கொடுத்தார்: "அந்த இருபது பர்சன்ட்டை எடுத்துப் போடும்மா."

படுத்தவன் புரண்டு பார்த்தான். மேட்டைத் தடவினான். தள்ளுபடியில் வாங்கினதா என்று கேட்டான்.

அத்தை டிவியை அணைத்துவிட்டு, அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு, வசதியாக உட்கார்ந்துகொண்டார்.