தள்ளுகிறவன் பாடு

வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்திலாவது என் இஷ்டம்தான் நடக்க வேண்டும் என்று போன மாதம் சபதம் செய்தேன். பல் தேய்க்கும்போது செய்ததால் சபதம் தெளிவாக வெளியே வரவில்லை. உள்ளே தெளிவாகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். என் மனைவி கணக்கு டீச்சர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் முதுகுத்தண்டிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். கட்டி போய்விட்டது, போகிற போக்கில் கால்களின் வலுவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எதையாவது பிடித்துக்கொண்டு நாலடி நடப்பாள். அதற்கு மேல் சக்கர நாற்காலி. தள்ளுவது நான்.

வாய்க்கு எந்தச் சேதமும் இல்லை.

ஐயோ பாவம், எவ்வளவு கஷ்டம் என்று என்மேல் இரக்கப்படாதீர்கள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். முப்பது வருஷம் ஆபீஸில் கோப்பு தள்ளினேன். ஒருத்தர் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரு நாற்காலியைத் தள்ளினேன். ஊரே திரும்பிப் பார்த்தது. மருந்துக் கடையில் வரிசையை விலக்கி வழி விட்டார்கள். மாடி வீட்டம்மா தன் வீட்டுக்காரரிடம், "அவரைப் பார்த்தாவது கத்துக்கங்க" என்று என் காதில் விழும்படி சொன்னார். அந்த மனிதர் இப்போது என்னைக் கண்டால் வேறு தெருவில் போகிறார். இருந்த இடத்திலேயே மகான் ஆவது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. வகுப்புக்கு வகுப்பு தானாகப் போய்வர முடிந்தால், எட்டாம் வகுப்புக்கு மறுபடியும் கணக்கு எடுக்கலாமாம். போனை வைத்தபோது அவள் முகம் இரண்டு வருஷம் இளைத்துவிட்டது. வயதில் சொல்கிறேன்.

"ஏங்க, ஒரு மின்சார நாற்காலி வாங்கணும்."

"மின்சார நாற்காலியா? அது கொலை பண்ணினவங்களை உட்கார வைக்கறதில்ல?"

"அதெல்லாம் அப்புறம் பண்ணிக்கலாம். முதல்ல நாற்காலி வரட்டும்."

"நான் இருக்கேனே, தள்ள மாட்டேனா?"

"நீங்க தள்ளினா நீங்க நினைச்ச இடத்துக்குத்தானே போகுது? நான் கேட்ட இடமெல்லாம் தள்ளுபடி ஆயிடுது."

அது வந்தால், அவள் முன்னால் கைக் குமிழைச் சாய்த்துக்கொண்டு போவாள். நான் பின்னால் வெறுங்கையோடு நடப்பேன். மகான் பதவி என்னாவது? பல் தேய்க்கப் போனேன். சபதம் செய்தேன். நாற்காலியை நான்தான் தேர்ந்தெடுப்பேன்.

பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கடைக்குப் போன் செய்தேன்.

"பின்னாடி நிக்கறவரே ஓட்டற மாதிரி நாற்காலி இருக்கா?"

"இருக்கு சார். ஆனா உட்கார்றவங்களே ஓட்டறதைத்தான் எல்லாரும்..."

"என் மனைவிக்குக் கையில வலு போதாது. பின்னாடி ஓட்டறதை மட்டும் காட்டுங்க. மத்ததெல்லாம் ஸ்டாக் இல்லைனு சொல்லிடுங்க."

சனிக்கிழமை கடைக்குப் போனோம். விற்பனைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதைத் தேடுகிற ரகம். நல்லவர். நல்லவர்களிடம் ரகசியம் சொல்லக் கூடாது.

"அம்மா கையை அசைக்காதீங்க. சார் எல்லாம் சொல்லிட்டாரு."

"என் கைக்கு என்ன?"

"வலு இல்லைனு..."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். நல்ல கூரை.

"இவர் திறக்க முடியாத பாட்டில் மூடியை எல்லாம் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து திறந்து கொடுக்கறது இந்தக் கைதான். பரவாயில்லை. அவர் ஆசைப்பட்டதையே காட்டுங்க."

இவ்வளவு சுலபமாக அவள் இறங்கி வந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். மகான்கள் உஷாராவதில்லை.

அவர் ஒரு கறுப்பு நாற்காலியைக் கொண்டுவந்தார். முதுகுப் பக்கக் கைப்பிடியில் ஒரு சின்னப் பெட்டி. அதில் விரல் நீளத்துக்கு ஒரு குமிழ். குமிழை எந்தப் பக்கம் சாய்த்தாலும் நாற்காலி அந்தப் பக்கம் போகும். பெட்டியைத் தனியாகக் கழற்றலாம். நீளமான சுருள் ஒயர் இருந்தது.

"ஏங்க, நீங்க கொஞ்சம் உட்காருங்களேன்," என்றாள். "எப்படி ஓடுதுன்னு நான் வெளியிலேர்ந்து பார்க்கணும்."

நியாயமாகப் பட்டது. உட்கார்ந்தேன். அவள் பழைய நாற்காலியில் இருந்தபடியே பெட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

நாற்காலி கிளம்பியது. நான் கிளம்பச் சொல்லவில்லை. மூன்றடி முன்னால் போனேன். நின்றேன். வலப் பக்கம் திரும்பினேன். பின்னோக்கிப் போனேன். இடுப்புப் பட்டை அடுக்கிய அலமாரி என்னை நோக்கி வந்தது, கண்ணை மூடினேன், திறந்தபோது சுவர். மூக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண். அங்கேயே நிறுத்திவிட்டாள்.

முதுகுக்குப் பின்னால் பேச்சு தொடங்கியது.

"சாருக்குக் கால் பலகை சரியா இருக்காம்மா?" விற்பனைக்காரர் அவளிடம் கேட்டார்.

"இருக்கும்."

"எனக்கு உயரமா இருக்கு!" என்றேன் சுவரிடம்.

"முதுகு வலிக்குமா அவருக்கு?"

"வலிக்கும். சொல்ல மாட்டாரு."

"எனக்கு வலிக்கலை!"

"பாருங்க, சீக்கிரம் கோபம் வந்துடும். நாமதான் அனுசரிச்சுப் போகணும்."

"என்னைத் திருப்பு!"

"இருங்க. பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல?"

சுவரில் ஒரு எறும்பு போய்க்கொண்டிருந்தது. தன் இஷ்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அதன்மேல் பொறாமையாக இருந்தது.

கடைசியில் நாற்காலி மெதுவாகத் திரும்பியது. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"உங்க அக்கா வீட்ல நான் பேசிட்டிருக்கும்போதே என்னைத் திருப்பி வாசலைப் பார்க்க வெச்சீங்க. ஞாபகம் இருக்கா? சண்டை வரக் கூடாதுன்னு."

"சண்டை வரலையே."

"ஆமா. என் வாயை மூடலை. என்னையே மூடிட்டீங்க."

வேடிக்கைப் பேச்சு ஏதாவது அகப்படுமா என்று தேடினேன். அகப்படவில்லை. "தெரியாம பண்ணிட்டேன்," என்றேன். எறும்புக்குக் கூடக் கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டது.

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். நான் பக்கத்து அறையில் ரகசியம் பேசிவிட்டுத் திரிந்த நாட்களில், அவள் தையல் டேப்பை வைத்துக்கொண்டு வீட்டையே அளந்திருக்கிறாள்.

"குளியலறைக் கதவு இருபத்தாறு அங்குலம். நாற்காலி இருபத்து நாலைத் தாண்டக் கூடாது. நடை குறுகல், நின்ன இடத்துலயே சுத்தணும். கட்டிலுக்கு நகர்ந்து போகப் பக்கக் கைப்பிடி மேல தூக்கிக்கணும். பள்ளிக்கூடம் ஒண்ணரைக் கிலோமீட்டர். போக வர, மழைக்குச் சுத்து வழி, எல்லாம் சேர்த்துப் பதினஞ்சு ஓடற பாட்டரி. அங்கே சரிவுப் பாதை பன்னெண்டு அடிக்கு ஒரு அடி ஏறுது. பின்னாடி கவிழாம சின்னச் சக்கரம் வேணும். குமிழ் என் வலது கைக்கு. இதுல எது ஸ்டாக் இல்லை?"

விற்பனைக்காரர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். யார் பக்கம் நின்றால் வியாபாரம் நடக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எல்லாம் இருக்கும்மா."

சிவப்பு நாற்காலி ஒன்று வந்தது. அதில் ஏறிக் கடைக்குள் இரண்டு சுற்று வந்தாள். ஒரு அலமாரிகூட அவளை நோக்கி வரவில்லை.

நான் தோற்றுவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வீட்டில் வேலையைப் பங்கு போட்டபோது, "ராத்திரி சார்ஜ் போடறது உங்க பொறுப்பு" என்று அவளே சொன்னாள். மகானுக்கு மறுபடியும் உயிர் வந்தது.

பள்ளிக்கூடம் போகிற முதல் நாளுக்கு முந்தின ராத்திரி, சார்ஜரைச் செருகினேன். பகலெல்லாம் அவள் ஓட்டிப் பழகியதில் பாட்டரியில் ஒரு விளக்குதான் மிச்சம். சுவிட்சைப் போடவில்லை. கேட்டால் மறதி. அந்த ஒரே ஒரு நாள் நான் தள்ளிக்கொண்டு போவேன். ஊர் பார்க்கும். அது போதும்.

காலையில் தெருமுனை தாண்டியதும் நாற்காலி நின்றது.

"என்னங்க இது?"

"அடடா! சார்ஜ் ஏறலை போலிருக்கே! கவலைப்படாதே. நான் எதுக்கு இருக்கேன்?"

மோட்டாரைச் சக்கரத்திலிருந்து விடுவிக்க அடியில் ஒரு லீவர் இருந்தது. குனிந்து திருப்பினேன். தள்ளினேன்.

பழைய நாற்காலி என் மடிப்புக்குடை போல. இது பீரோ. மோட்டாரும் பாட்டரியும் சேர்ந்து, கடையில் பார்த்த கண்ணாடிக்காரர் கணக்குப்படி அறுபது கிலோ. மனைவி தனி. கணக்கு டீச்சர் அல்லவா, அவளைக் கூட்டிப் பார்க்கவே பயம். பாதி வழியில் சட்டை நனைந்துவிட்டது. மேட்டில் நாக்கு வெளியே வந்தது. ஒருத்தர் பாராட்டவில்லை. "புது வண்டியா? அதுக்குள்ள ரிப்பேரா?" என்றுதான் கேட்டார்கள்.

"கொஞ்சம் நேராப் போங்க," என்றாள் மகாராணி. "முதல் மணி அடிச்சுடும்."

பள்ளி வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

"அந்த லீவரைத் திருப்பிப் போட்டுடுங்க."

"எதுக்கு? சார்ஜ்தான்..."

"போடுங்களேன்."

போட்டேன். அவள் பொத்தானை அழுத்தினாள். ஐந்து விளக்கும் பச்சையாக எரிந்தன.

"சுவிட்ச் என் கட்டில் பக்கம்தானே இருக்கு. நீங்க போடாம வந்து படுத்தீங்க, நான் போட்டுட்டேன்."

"அப்ப தெருமுனையில ஏன் நின்னுது?"

"நான் அணைச்சேன். தள்ளணும்னு அவ்வளவு ஆசைப்பட்டீங்க. கெடுப்பானேன்?"

சரிவுப் பாதையில் விர்ரென்று ஏறிப் போனாள். நானும் பின்னாலேயே போகப் பார்த்தேன். வாட்ச்மேன் கையை நீட்டித் தடுத்தார்.

"யார் சார் நீங்க?"

"டீச்சரோட வீட்டுக்காரர்."

நனைந்த சட்டையை மேலும் கீழும் பார்த்தார். நம்பவில்லை. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டீச்சர்! இவர் உங்க வீட்டுக்காரர்ங்கறாரு. உள்ளே விடவா?"

நாற்காலி நிற்கவில்லை. பதில் மட்டும் வந்தது.

"நாலு மணிக்கு வரச் சொல்லுங்க!"