யாரென்று கேட்காத பக்கம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் மகளும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எப்போதும் எங்கள் நினைப்பு. போனில் பேசும்போதெல்லாம் "ஆபீஸ்ல எல்லாம் எப்படிப் போகுது மாமா?" என்று கேட்கிறீர்கள். நானும் "நல்லாப் போகுது" என்றே சொல்லிவந்தேன். அது மாப்பிள்ளை மரியாதைக்காகச் சொன்ன வார்த்தை. எங்கள் மருந்துக் கிடங்குக்கு உங்கள் கம்பெனி கொடுத்த மென்பொருளைப் பற்றி இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

கதவு, லிஃப்ட், போன், ஒலிபெருக்கி எல்லாவற்றையும் ஒரே நிர்வாகப் பக்கத்திலிருந்து ஆட்டிவைக்கலாம் என்று நீங்கள் விளக்கியபோது எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. மானேஜர் என்பதால் அந்தப் பக்கத்துக்கு என்னையே பொறுப்பாக்கினார்கள். போன மாதம் ஒரு மத்தியானம், நானும் கணக்காளரும் லிஃப்டில் ஏறினோம். வழக்கமாக ஓர் இயந்திரக் குரல் மாடியைச் சொல்லும். அன்றைக்கு, "மூணாவது மாடி. பார்த்து இறங்குங்க" என்றது எங்கள் டெலிபோன் அம்மாவின் குரல். எங்களுக்கு வரும் போனையெல்லாம் எடுத்தவர் அவர். முன்பு லிஃப்டிலும் அவர் குரல்தான் இருந்தது. போன வருஷம் அவர் இறந்த பிறகு மாற்றிவிட்டோம். அடக்கத்துக்கு நானே போயிருந்தேன். கணக்காளர் அன்று மாடிப்படிக்கு மாறியவர், இன்னும் லிஃப்ட் பக்கம் திரும்பவில்லை. பாவம், அவருக்கு மூட்டுவலி வேறு.

அதோடு நின்றதா? மறுநாள் ஒலிபெருக்கியில் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டார். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று இருந்தவர்கள் அத்தனை பேரும் டிராயரைத் திறந்து விழுங்கினார்கள். ஒரு வியாதியும் இல்லாத ஒருவர், பயத்தில் பக்கத்து மேஜைக்காரரிடம் ஒன்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். காவலாளி ஒலிபெருக்கியைப் பார்த்து "போட்டாச்சும்மா" என்று பதில் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். உங்கள் கம்பெனிக்குப் போன் செய்தேன். "பாஸ்வேர்டு பத்திரமா இருக்கு சார், வெளியாள் யாரும் நுழையவே முடியாது" என்றார்கள். வெளியாள் இல்லையென்றால் வேறு யார் என்று நான் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்கள்.

பிறகுதான் நடக்கக் கூடாதது நடந்தது. ஸ்டோர்கீப்பர் குளிர் அறைக்குள் போனார், கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. உள்ளிருந்து தட்டுகிறார். அந்தக் கதவுக்குச் சாவியே கிடையாது, எல்லாம் உங்கள் மென்பொருள்தான். தலைக்கு மேலே டெலிபோன் அம்மா, "லைன்லயே இருங்க, இதோ கொடுக்கிறேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். தட்டும் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. என் கணினிக்கு ஓடினேன். அவசரத்தில் பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாக அடிக்க, அது என்னையே வெளியே தள்ளிவிட்டது. ரிசப்ஷன் பெண், "சார், முன்பக்கத்த விடுங்க. கதவுப் பக்கத்தோட முகவரிய நேரா அடிச்சுப் பாருங்க" என்றாள். அடித்தேன். திறந்துகொண்டது மாப்பிள்ளை. பாஸ்வேர்டு கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை, நீ யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவைத் திறந்துவிட்டேன். உதடு நீலம் பாரித்து வெளியே வந்த ஸ்டோர்கீப்பர் முதலில் கேட்டது, "லைன் கிடைச்சிடுச்சா சார்?"

அன்று சாயங்காலம் உங்கள் அத்தை தன் செல்போனில் அதே முகவரியை அடித்தாள். அதிலும் திறந்தது. "இது என்னங்க பட்டன்?" என்று எதையோ தொட்டாள். ஆபீஸில் விளக்கெல்லாம் அணைந்துவிட்டதாகக் காவலாளி போன் செய்தார். வாசலில் அவ்வளவு பெரிய பூட்டைப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு அறைக்கும் தெருவிலிருந்தே வழி விட்டிருக்கிறீர்களே, இது நியாயமா?

மறுநாள் காலை அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் எதையும் தொடவில்லை. டெலிபோன் அம்மாவின் குரல் பதிவுகள் ஒவ்வொன்றாக என் கண்ணெதிரே இடம் மாறின. கூடத்தில் இருக்கும் அறிவிப்புத் திரைக்கு "யார் நீங்க?" என்று அடித்து அனுப்பினேன். வேலையை விட்டுவிட்டு எல்லாரும் திரையையே பார்த்தார்கள். வெகுநேரம் கழித்து அதில் பதில் வந்தது: "அவ வீட்டுக்காரர்."

உடம்பு முடியாத நாட்களில் டெலிபோன் அம்மா வீட்டுக் கணினியிலிருந்து வேலை பார்த்திருக்கிறார். அவர் திறந்துவைத்த பக்கம் அப்படியே இருந்திருக்கிறது. அவர் கணவருக்குக் கண்ணில் புரை. ஆபீஸ் போனில் மனைவி பேசியதெல்லாம் அங்கே பதிவாகியிருக்கிறது; அந்தக் குரலைக் கேட்பதற்காக, கையில் பட்ட பட்டனையெல்லாம் அமுக்கியிருக்கிறார். முதலாளி போலீசுக்குப் போகலாம் என்றார். நான்தான் காலில் விழாத குறையாகத் தடுத்தேன். கணவர் இன்று ஆபீசுக்கே வந்துவிட்டார். "தினம் மத்தியானம் போன் பண்ணி மாத்திரை போட்டாச்சான்னு கேப்பா சார். அதத்தான் தேடினேன். கதவு பூட்டும்னு எனக்குத் தெரியாது. அந்தத் தம்பிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார். ஸ்டோர்கீப்பரே போய் அவருக்குத் தேநீர் வாங்கிவந்தார். குரல்களையெல்லாம் அவர் செல்போனில் ஏற்றிக் கொடுத்தோம். இனி இது வேண்டாம் என்று கணினியையும் என்னிடமே ஒப்படைத்துவிட்டார்.

உங்கள் ஆட்கள் நேற்றே வந்து எல்லாப் பக்கத்துக்கும் பூட்டுப் போட்டுவிட்டார்கள். புதிய பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே நீங்கள் லீவு போட்டுக்கொண்டு வரத் தேவையில்லை. மகளை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். இருவரும் எல்லாச் சுகமும் பெற்று நீண்ட நாள் வாழ எங்கள் ஆசிகள்.

அன்புடன்,
உங்கள் மாமனார்

பி.கு.: கடிதத்தை மடிக்கும் முன் பூட்டைச் சோதித்துவிடலாம் என்று புதிய பாஸ்வேர்டை அடித்தேன். "நிர்வாகி ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்" என்கிறது. டெலிபோன் அம்மாவின் கணவர் இன்னும் என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கணினி ஒயர் கழற்றி என் மேஜைக்கடியில் கிடக்கிறது. வர வேண்டாம் என்று மேலே எழுதியதைப் பொருட்படுத்தாதீர்கள். இன்றைக்கே கிளம்பி வாருங்கள்.