பெரிய திரையில் போடி மாமா

பொறுமையாக இருந்தால் எந்த மெஷினும் வழிக்கு வரும் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்கள் யாரும் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒரு ஃபோர் கே டிவியை ஓட்டிப் பார்த்தவர்கள் இல்லை. நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

என் அண்ணன் சாமுவேல் தேனி கடைவீதியில் பட்டுச்சேலைக் கடை திறந்தான். வாசலுக்கு நேராக ஒரு பெரிய டிவி. அதில் சேலைப் படங்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஜரிகை இழை இழையாகத் தெரிய வேண்டும் என்பது அவன் ஆசை. பென்டிரைவ் செருகினாலே போதும் என்று டிவி விற்றவர் சொன்னார். நான் விடுவேனா? பெங்களூர் கம்பெனிக்கு அல்லிநகரம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற சாஃப்ட்வேர் இன்ஜினியர் ஆயிற்றே.

"இதுக்குன்னே சின்னக் கம்ப்யூட்டர் இருக்குண்ணே. ஒரே போர்டுல எல்லாம் அடக்கம். நான் பாத்துக்கிறேன்" என்றேன். (அந்த வாயில் யாராவது பிளாஸ்திரி ஒட்டியிருக்கலாம்.)

கடைத் திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் காலையில் உட்கார்ந்தேன். போர்டில் டிவி ஒயர் செருக இரண்டு ஓட்டைகள். பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றில்தான் ஃபோர் கே ஒழுங்காக ஓடும். எது என்று போர்டில் எழுதியிருந்ததை எறும்புதான் படிக்க முடியும். சரியான ஓட்டையைக் கண்டுபிடித்தால் படம் மங்கல். செட்டிங்ஸில் ஒரு வரி சேர்த்தால் திரையே கறுப்பு. ஒயரை மாற்றினால் படம் வந்தது, ஆனால் விக்கி விக்கி நகர்ந்தது.

இந்த லட்சணத்தில், என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு அண்ணனின் மாமனார். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர் என்பதால் எங்களுக்கு அவர் போடி மாமா (ஊர்ப் பெயர்தான், யாரையும் திட்டவில்லை). கடைக் கட்டடமே அவருடையது. எழுந்து போகச் சொல்ல முடியாது. ஃப்ளெக்ஸ் வைத்திருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும் என்றார். தேவாரத்தில் ஒரு கடையில் சுவிட்சைப் போட்டதுமே படம் வருகிறது என்றார். கடைசியில், "ஏத்தா, நெசமாவே நீ பாக்குறது இந்த வேலதானா?" என்று கேட்டார்.

எனக்குத் தலைக்குள் ஆவி கிளம்பியது. தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க ஒரு பக்கம் வைத்திருந்தேன். போர்டு ஆன் ஆனதும் தானாகத் திறந்துகொள்ளும். மாமா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, அதிலிருந்த 'வணக்க'த்தை அழித்துவிட்டு இப்படி அடித்தேன்: 'போடி மாமா வாயை மூடினால் இந்த டிவி ஓடும்.'

அடித்து முடித்து, போர்டை அணைத்து மறுபடி ஆன் செய்தால், திரை பளிச்சென்று வந்தது. செட்டிங்ஸில் கடைசியாக மாற்றியது வேலை செய்துவிட்டது. மாமா திரும்பி வருவதற்குள் சேலைப் படங்களை ஓடவிட்டேன். அந்த வரியை அழிக்க மறந்தேன்.

மறுநாள் காலையில் கடை நிறையச் சொந்தக்காரர்கள். பாஸ்டர் ஜெபத்தை ஆரம்பிக்க, எல்லாரும் கண்ணை மூடினோம். யாரோ புழுக்கத்தில் ஏசியைப் போட்டிருக்கிறார்கள். கரண்ட் ஒரு நொடி இறங்கி ஏறியது. டிவி தாங்கிக்கொண்டது, என் போர்டு அணைந்து, தானே மறுபடி ஆன் ஆனது.

"ஆமென்" என்று கண்ணைத் திறந்தால் சேலையைக் காணோம். நான் அடித்த வரிதான் திரை முழுக்க, எழுத்தெழுத்தாகக் கத்தரித்து ஒட்டியதுபோல. ஃபோர் கே என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது.

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் சேலை கருகியிருக்கும். அண்ணன் சுவிட்சைத் தேடி ஓடி, சேலை கட்டி நிறுத்தியிருந்த பொம்மைமேல் இடறி விழுந்தான். பொம்மையின் தலை கழன்று பாஸ்டர் காலடிக்கு உருண்டது.

மாமா திரைக்கு எதிரே நின்று மெதுவாகப் படித்தார். பிறகு சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார்.

"கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன். இருந்தும் தெளிவாத் தெரியுது. வேல தெரிஞ்ச புள்ளதான்."

கடையே சிரித்தது. எனக்கோ அதுதான் ஆத்திரம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் முறைத்திருப்பேன். பெருந்தன்மையாக நடந்து என்னைத் தோற்கடித்துவிட்டார்.

இப்போதெல்லாம் மாமா கதையை இழுத்தால், "ஆரம்பிச்சுட்டாக. அந்த டிவியப் போடு புள்ள" என்கிறார் அத்தை. மாமா அசருவதில்லை. சுருளிப்பட்டிக் கல்யாணமோ கம்பத்தில் காதுகுத்தோ, நாலு பேர் கூடினால் போதும், என்னைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்துகிறார்.

"ஊருக்குள்ள என்னயப் பத்தி இம்புட்டுப் பெருசா எழுதுன ஒரே ஆளு இந்தப் புள்ளதான்."